பவானி என்ற ஆண்

டிசம்பர் 4

மிருதுளா நேற்று ஜெர்மனிக்கு விமானம் ஏறினாள். அலுவலக வேலை. மார்ச் கடைசியில்தான் திரும்புவாள். பெங்களூரு வீட்டைக் காலி செய்துவிட்டு, தான் வளர்க்கும் இகுவானாவை இங்கே வடவள்ளியில் எங்களிடம் விட்டுப் போயிருக்கிறாள். நான் உடும்பு என்றேன். "உடும்பு இல்லப்பா, இகுவானா. இலை தழை மட்டுந்தான் திங்கும்" என்று திருத்தினாள். பச்சை உடம்பு, முதுகில் சீப்புப் பல் போல முள்வரிசை, தொண்டைக்குக் கீழே ஒரு தொங்கு சதை. நிமிர்த்திப் பிடித்தால் வாலோடு என் இடுப்பு உயரம் வரும்.

பெயர் பவானி. குட்டியாக வாங்கியபோது பெண் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வளர்ந்த பிறகுதான் ஆண் என்று தெரிந்ததாம். பெயர் பழகிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டாள்.

மகள் கேட்டதற்குச் சரி என்ற என் மனைவி சுலோச்சனா, கூண்டு வைத்திருக்கும் அறைக்குள் இன்னும் கால் வைக்கவில்லை. "பல்லி மேல விழுந்தாலே பலன் பாக்கோணும். இது விழுந்தா பஞ்சாங்கத்துல எந்தப் பக்கத்தப் பாக்கறது?" என்கிறாள்.

டிசம்பர் 7

காலையில் முருங்கைக் கீரை, செம்பருத்தி இலை, இரண்டு செம்பருத்திப் பூ, துருவிய பூசணி. பாலக் கீரை ஆகாது. கூண்டுக்குள் இரண்டு விளக்குகள்: ஒன்று சூட்டுக்கு, ஒன்று வெயிலுக்குப் பதிலாக. உடம்பின் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. என்னை நம்பி ஓர் உயிர் காலையில் காத்திருப்பது இந்த ஏழு வருடத்தில் இப்போதுதான். இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று சுலோவிடம் சொல்லவில்லை.

ராத்திரியில் எத்தனை தடவைதான் எழுந்து போவீர்கள் என்று அவள் கேட்டாள். மார்கழி வரப்போகிறது. குளிருக்கு எல்லாருக்கும் அப்படித்தான்.

டிசம்பர் 12

மிருதுளா வீடியோவில் வந்தாள். பவானியின் முன்னங்கால்களில் ஆரஞ்சு நிறம் ஏறியிருப்பதைக் காட்டினேன்.

"அது அவனோட சீசன்பா. குளிர்காலத்துல ஆணுக்கு அப்படித்தான் கலர் வரும். கொஞ்சம் முறைப்பா இருப்பான், மொகத்தக் கிட்டக் கொண்டு போயிராதீங்க."

கூண்டில் விரித்திருந்த என் பழைய துண்டின் மேல் ஏறி அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. சுலோ பார்ப்பதற்குள் துண்டை எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 15

சுலோவின் தம்பி வேன் பிடித்துக் குடும்பத்தோடு பழனிக்குப் போகிறார். எங்களையும் கூப்பிட்டார். பவானியை யார் பார்த்துக்கொள்வது என்றேன்.

"ஒரு நாள்தானுங்க. இலையப் போட்டுட்டுக் கதவச் சாத்திட்டுப் போலாம்."

"நீ போய்ட்டு வா, சுலோ."

அந்த வேன் ஓட்டுநரை எனக்குத் தெரியும். உடுமலை தாண்டும்வரை எங்கேயும் நிறுத்த மாட்டான்.

டிசம்பர் 20

பவானி முக்குகிறான். வாலைத் தூக்கி, முதுகை வளைத்து, வெகுநேரம் அப்படியே நிற்கிறான். ஒன்றும் வருவதில்லை, அல்லது கொஞ்சமாக வருகிறது. வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் புடைப்பு. வீக்கம் என்று பயந்து இணையத்தில் தேடினேன். பல்லி, ஓணான் இனத்தில் ஆணுக்கு அந்த இடத்தில் இரண்டு உண்டாம். வாலுக்குள் மடித்து வைத்திருக்குமாம். தேவைப்படும்போது ஏதாவது ஒன்றை மட்டும் வெளியே எடுக்குமாம். அறுபத்தேழு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் இடது பக்கம் மட்டும் பெரிதாக இருக்கிறது. மெழுகு போல ஏதோ ஒட்டியிருக்கிறது.

மிருதுளா பேசும்போது, "எப்படிப்பா இருக்கான்?" என்றாள். நல்லா இருக்கான் கண்ணு என்றேன். பெற்ற மகளிடம் எந்தச் சொல்லை வைத்து இதைச் சொல்வது?

டிசம்பர் 23

இன்றும் முக்கினான். நான் இன்று தண்ணீர் அதிகம் குடிக்கவில்லை. வெளியே வேலை இருந்தது.

டிசம்பர் 27

காலையில் எனக்குச் சிவப்பாகப் போனது. வேட்டியில் என்ன கறை என்று சுலோ கேட்டாள். பீட்ரூட் சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்றேன்.

டிசம்பர் 29

நான் நடைப்பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் சுலோ அந்த அறைக்குப் போயிருக்கிறாள். சில நாட்களாக எனக்குத் தெரியாமல் அவனுக்குச் செம்பருத்திப் பூ போட்டுவருகிறாள் போலிருக்கிறது. நான் கேட்டைத் திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, பவானிக்குக் குடல் வெளிய வந்துருச்சுங்க."

போய்ப் பார்த்தேன். குடல் இல்லை. வாலுக்கு அடியில், விரல் அளவில், சிவந்து ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என்ன என்று எனக்குத் தெரிந்தது. சுலோவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "அது அவனோட... அதுதான்" என்றேன். அவள் புரிந்துகொண்டாள். முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பருத்தித் துணியை நனைத்துக் கொண்டுவந்தாள்.

பறவைகள், ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஆர்.எஸ்.புரத்தில் ஒருவர் இருக்கிறார். டாக்டர் ரெஹானா. முப்பது வயதுதான் இருக்கும். பவானியைக் கண்ணைத் துணியால் மூடிப் படுக்கவைத்து, வெளியே வந்திருந்ததைச் சர்க்கரைக் கரைசலில் நனைத்த பஞ்சால் சுற்றினார். வீக்கம் வடிய இனிப்புத் தண்ணீர் போதுமாம். பிறகு கையுறை விரலால் அந்தப் புடைப்பை மெல்ல அழுத்தினார். காய்ந்த மெழுகுத் துண்டு போல ஒன்று வந்தது.

"விந்து வெளிய போகாம உள்ளயே காஞ்சு அடைச்சிருக்கு சார். அத வெளிய தள்ளப் பாத்துப் பாத்து, ஆண்குறியே பிதுங்கி வந்துருச்சு. எத்தன நாளா முக்கறான்?"

அந்தச் சொல்லை அவர் கத்தரிக்காய் என்பதுபோலச் சொன்னார். நான் ரெண்டு மூணு நாளா என்றேன்.

"பத்து நாளாச்சுங்க டாக்டர்" என்றாள் சுலோ.

எப்படித் தெரியும் என்று நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இவங்க வலியக் காட்டிக்கவே மாட்டாங்கம்மா. காட்டுல பலவீனம் தெரிஞ்சா வேற ஏதாவது வந்து பிடிச்சுரும். அதனால மறைச்சு மறைச்சே பழக்கம். நமக்குத் தெரியறப்ப லேட்டாயிருக்கும்."

"எங்க வீட்டுல அந்த மாதிரி ரெண்டு இருக்குதுங்க" என்றாள் சுலோ.

டாக்டர் சிரித்தார். எங்களிடம் இருப்பது ஒன்றுதான் என்று நான் விளக்கினேன்.

உள்ளே தள்ளி ஒரு தையல் போட்டு அனுப்பினார்.

ஜனவரி 2

புது டைரி. காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பவானியை உட்காரவைத்து, பிறகு களிம்பு. சுலோ அவன் தோளையும் கழுத்தையும் பிடித்துக்கொள்கிறாள். நான் வாலைத் தூக்குகிறேன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்து ரொம்ப நாளாகிறது.

அவள் அவனை "டேய்" என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறாள்.

ஜனவரி 6

மறுபடி வெளியே வந்துவிட்டது. இந்த முறை உள்ளே போகவில்லை. நுனி காய்ந்திருக்கிறது. டாக்டர் ரெஹானா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"எடுத்துரலாம் சார்."

"எதை?"

"இந்த ஒரு பக்கத்த. இன்னொன்னு இருக்கு, அது நல்லா இருக்கு. இப்பவே செஞ்சா பிரச்சினை இல்ல."

"ஆம்பளையா இருக்கறவன அப்படி அறுத்து அனுப்பறதுங்களா?"

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். "சார், நம்மள மாதிரி இல்ல இவங்க. இதுக்குள்ள சிறுநீர்ப் பாதையே கிடையாது. அதுக்கு வேற வழி. இது இனப்பெருக்கத்துக்கு மட்டுந்தான். எடுத்துட்டாலும் அவன் சாப்பிடுவான், போவான், வெயில் காய்வான்."

நல்ல ஏற்பாடு என்று தோன்றியது. எங்கள் துறையில் தொலைபேசிக் கம்பியையும் மின்சாரக் கம்பியையும் எப்போதும் தள்ளித்தான் கொண்டுபோவோம். மனிதனுக்கு மட்டும் எல்லாவற்றையும் ஒரே குழாயில் கொண்டுபோனது யார் யோசனையோ.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்கலாம், ஆனால் நாளைக்குள் சொல்லுங்கள் என்றார்.

ஜனவரி 7

போன் செய்யவில்லை. சனிக்கிழமை, கூட்டமாக இருக்கும்.

ஜனவரி 9

இரண்டு நாளில் கறுத்துவிட்டது. அறைக்குள் நாற்றம். பவானி இலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுலோ என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மிருதுளாவுக்கு அழைத்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள்.

"அப்பா, எனக்கு ஏன் சொல்லல?"

"உங்கிட்ட எப்படிக் கண்ணு அதைச் சொல்றது."

"அது ஒரு உறுப்புப்பா. கை, காது மாதிரி. காதுல புண்ணுன்னா சொல்லுவீங்கல்ல?" அழுதாள் என்று நினைக்கிறேன். "நான் டாக்டர்ட்ட பேசிக்கறேன். இப்பவே கொண்டு போங்க."

கொண்டுபோனோம். மயக்கம் கொடுத்து உள்ளே எடுத்துப் போனார்கள். வெளியே வந்தபோது டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை. சீழ் அடுத்த பக்கத்துக்கும் பரவியிருந்ததாம். இரண்டையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. வெள்ளிக்கிழமையே செய்திருந்தால் ஒன்று தப்பியிருக்குமா என்று கேட்டேன். "இருக்கலாம் சார்" என்றார். அதற்கு மேல் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அங்கே இருந்த கழிப்பறைக்குப் போனேன். கொஞ்சம் நேரமாகிவிட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். வெளியே வந்ததும் டாக்டர் ரெஹானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க ஒரு சிறுநீரக டாக்டரப் பாத்தீங்களா?"

"நான் பவானிக்காக வந்தேனுங்க" என்றேன்.

வீடு வரும்வரை சுலோ பவானி இருந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்து, அதன் மேல் ஒரு கையை வைத்தபடி இருந்தாள்.

ஜனவரி 12

இதை மருத்துவமனைக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். டைரியைச் சுலோ கொண்டுவந்து கொடுத்தாள்.

நேற்று காலையிலிருந்து சொட்டும் வரவில்லை. மத்தியானத்துக்குள் அடிவயிறு பலகை போல ஆகிவிட்டது. வாயு என்று சொல்லிப் பெருங்காயம் கேட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வியர்வையில் பனியன் நனைந்துவிட்டது.

கதவுக்கு வெளியே சுலோ நிற்பது நிழலில் தெரிந்தது.

"கதவத் தொறங்க."

"வந்தர்றேன்."

"பீட்ரூட்டுன்னீங்க. நம்ம வீட்டுல பீட்ரூட் வாங்குனது தீபாவளிக்கு முன்னாடி. உங்க வேட்டிய நாந்தானுங்க தொவைக்கறேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தேன்.

"அந்த வாயில்லாத சீவனுக்கு ரெண்டு நாள் யோசிச்சீங்க. உங்களுக்கு எத்தன மாசம் யோசிப்பீங்க? தொறங்க."

திறந்தேன். எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்தார். அவர் முன்னால் நான் குனிந்தபடி, அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. மருத்துவமனையில் ஒரு ஆண் செவிலியர், பேரன் என்று சொல்லும் வயதுதான், "காலத் தளர்த்துங்க ஐயா, அவ்வளவுதான்" என்று சொல்லிக் குழாய் செருகினார். வலித்தது. பிறகு அந்தப் பை நிறைய ஆரம்பித்தது. எத்தனை மாதமாக இறுக்கிப் பிடித்திருந்தேனோ, உடம்பு முழுக்கத் தளர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுலோ பார்க்கட்டும் என்று துடைக்காமல் விட்டேன்.

ஜனவரி 22

சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், எலும்புக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இன்று முடிவு வந்தது. சிறுநீரக டாக்டர் இளங்குமரன் சுலோவையும் உள்ளே கூப்பிட்டார்.

புற்றுநோய். ப்ராஸ்டேட் சுரப்பியில் தொடங்கி இடுப்பு எலும்பில் இரண்டு இடத்துக்குப் போயிருக்கிறது. எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் மற்ற சொற்களைப் போலத்தான் இருக்கிறது.

"பல வருஷம் கட்டுப்பாட்டுல வைக்கலாம்" என்றார். "ஆண் ஹார்மோன்தான் இதுக்குத் தீனி. அத நிறுத்தோணும். ரெண்டு வழி இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, விடாமப் போட்டுட்டே இருக்கோணும். இல்லைன்னா சின்ன ஆபரேஷன், விதை ரெண்டையும் எடுத்தர்றது. அதோட மாத்திரையும் உண்டு. பலன் ரெண்டுலயும் ஒன்னுதான். எது உங்களுக்கு ஒத்துவரும்னு வீட்டுல பேசிட்டு வாங்க."

முன்னாலேயே வந்திருந்தால் எலும்புக்குப் போயிருக்காதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலை ஏற்கெனவே ஒரு டாக்டர் எனக்குச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 23

பவானி ஒரு பூவைத் தின்றான்.

ஜனவரி 24

சமையலறையில் சுலோ அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து யோசித்திருந்தேன். யோசித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா அப்பறம் நான்..." என்றேன். "அது ஒன்னும் இருக்காது சுலோ. மாரு கொஞ்சம் பெருசாகுமாம். பொம்பளைகளுக்கு வர்ற மாதிரி திடீர்னு உடம்பு கொதிக்குமாம்."

"எனக்கு அது வந்து அஞ்சு வருஷம் இருந்துதே, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது.

"மார்கழியில மின்விசிறியப் போட்டுட்டுப் படுப்பேன். குளுருதுன்னு நீங்க எந்திரிச்சுப் போய்ப் பெரிய ரூம்ல படுத்துக்குவீங்க." நாரை உருவிப் போட்டாள். "அதுல இருந்துதானுங்க நாம தனித்தனியாப் படுக்கறோம். நீங்க இப்ப என்னமோ இருந்தது போயிருமோன்னு பயப்படறீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். பாத்திரத்தில் கிடந்த அவரைக்காய் ஒன்றை எடுத்து நானும் நார் உருவினேன்.

"ஊசியும் போட்டுக்கலாங்க" என்றாள் கொஞ்சம் கழித்து. "எதுன்னாலும் எனக்குச் சம்மதந்தான்."

"ஊசி வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா போகோணும்னா நான் ஒரு தடவ குளுருன்னுவேன், ஒரு தடவ கூட்டம்னுவேன். என்னய எனக்குத் தெரியும்."

அவள் சிரித்தாள். இந்த மாதத்தில் முதல் முறை.

"பெரிய ரூம்ல வெறும் கட்டில்தானுங்க இருக்கு. போர்வையக் கொண்டாந்து என் ரூம்ல வெச்சுக்குங்க" என்றாள்.

ஜனவரி 25

மிருதுளாவை நானே அழைத்தேன். சுலோ சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

எந்த உறுப்பில் என்ன, எதை எடுக்கப் போகிறார்கள், ஏன் என்று எல்லாவற்றையும் அதனதன் பெயரால் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நான் கிளம்பி வரேன்பா."

"வேலை இருக்குமேடா கண்ணு."

"வரேன்னு சொன்னேன்."

பிப்ரவரி 3

முடிந்தது. முதுகில் ஊசி போட்டதால் விழித்தேதான் இருந்தேன். மேலே ஒரு விளக்கு. அறையில் யாரோ மெதுவாகத் திரைப்பாட்டு முணுமுணுத்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை போலிருக்கிறது. இதற்காகவா என்று தோன்றியது.

மிருதுளா கட்டிலருகில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். நேராக விமான நிலையத்திலிருந்து வந்தவள்.

பிப்ரவரி 11

உடம்பு கொதிக்கிறது. அலையாக வந்து போகிறது. சுலோ மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறாள். எழுந்து போகவில்லை.

பிப்ரவரி 18

மிருதுளாவும் நானும் பவானியை மாடிக்கு வெயிலுக்குத் தூக்கிப்போனோம். தழும்பு ஆறிவிட்டது. ஆரஞ்சு நிறம் வெளுத்துப் பழையபடி பச்சை திரும்புகிறது. கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. பவானி முன்னங்கால்களை ஊன்றி எழுந்து, தொங்கு சதையை விரித்து, தலையை மேலும் கீழும் ஆட்டி அதை மிரட்டினான். காக்கை பறந்துவிட்டது.

"டாக்டர் அவனுக்கு இதெல்லாம் போகாதுன்னாங்கப்பா" என்றாள் மிருதுளா. "அந்த ஹார்மோன் வேற எடத்துல இருந்து வருது."

என்னுடையது போய்விடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவன் மிரட்டியதைப் பார்க்க நன்றாக இருந்தது.

மார்ச் 16

மறுபரிசோதனை. ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது என்று டாக்டர் இளங்குமரன் சந்தோஷப்பட்டார். எலும்பில் இருப்பது இருக்கிறது. அதோடு இருக்கப் பழக வேண்டும்.

உள்ளே கூப்பிடுவதற்கு முன் வெளியே வெகுநேரம் காத்திருந்தோம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவர். என் வயதுதான், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. கூட யாரும் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை எழுந்து கழிப்பறைக்குப் போனார். ஒவ்வொரு முறையும் வெகுநேரம் கழித்து வந்தார். நான்காவது தடவை எழுந்தவர் கழிப்பறைப் பக்கம் போகவில்லை. வெளிவாசலைப் பார்த்தபடி நின்றார். கையில் இருந்த டோக்கனை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கிளம்பப் போகிறார் என்று தெரிந்தது.

"உட்காருங்க, அடுத்து கூப்பிட்டுருவாங்க" என்றேன்.

"இல்லைங்க, கூட்டமா இருக்குது. இன்னொரு நாள் வந்துக்கறேன்."

"என்னங்க உங்களுக்கு?"

அவர் சுற்றிலும் பார்த்தார். சுலோ பக்கத்தில் இருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"சும்மா வயித்து வலிங்க. சூடு."

சுலோ அந்த நேரத்தில் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். பிறகு தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று எழுந்து போனாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை நான் தட்டிக் காட்டினேன்.

"எனக்கும் மொதல்ல வயித்து வலிதானுங்க" என்றேன். "வாங்க, உட்காருங்க. சொல்றேன்."